மீன் செதிலில் கொலாஜன்: சேலத்து வெட்டுக் கட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அது நினைவில் இருக்காது. நாகப்பட்டினம், கடலூர், ராமேஸ்வரம், கேரளக் கரை என்று பல திசைகளிலிருந்தும் இரவோடு இரவாக ஐஸ் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. வளர்ப்புக் குட்டைகளிலிருந்து வனாமி இறால் வருகிறது. மேட்டூர் அணையிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. முழு மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆய்கிற பழக்கம் குறைந்துவிட்டது. "ஆய்ஞ்சு, துண்டு போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் முன்பு நூறு வீட்டுக் குப்பையில் சிதறிக் கிடந்த செதிலும் குடலும் இறால் தலையும் இப்போது ஒரே இடத்தில் குவிகின்றன.

இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர், இருபது வருஷத்துக்கு மேலாக மார்க்கெட்டில் கூலிக்கு மீன் வெட்டும் ஓர் அம்மா. இன்னொருவர் அவருடைய தங்கை மகன். உணவுத் தொழில்நுட்பம் படித்து, வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவரை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீடு ஏற்காட்டில். தம்பியின் அப்பா எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால் என்னிடம் வந்தார்கள். பிறகு நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தை மாதம் தம்பி ஒரு டப்பாவோடு வந்தார். மருந்துக் கடையில் வாங்கிய கடல் மீன் கொலாஜன் பவுடர். விலைச்சீட்டைக் காட்டிவிட்டு, "பெரியம்மா குப்பையில கொட்டறதைத்தான் சார் இவங்க டப்பாவுல அடைச்சு விக்கறாங்க" என்றார்.

அவர் சொன்னது வேதியியலாகப் பார்த்தால் சரிதான். மீன் செதில் என்பது கொலாஜன் என்ற புரத நார்களுக்கு நடுவே ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது படிந்த தகடு. நம் எலும்பின் கட்டுமானமும் இதுதான். தாதுவை அமிலத்தில் கரைத்துவிட்டால் கொலாஜன் மிஞ்சும். அதை வெந்நீரில் வைத்தால் ஜெலட்டினாக இறங்கும். ஜெலட்டினை நொதியால் சிறு துண்டுகளாக நறுக்கினால் டப்பாவில் இருக்கும் பெப்டைடு பவுடர். இறாலின் கதை வேறு. ஓட்டிலும் தலையிலும் ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற நார்ப்பொருள், புரதம், சுண்ணாம்பு, சிவப்பு நிறமியான அஸ்டாசாந்தின் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கைட்டினை அடர் காரத்தில் காய்ச்சினால் எடை குறைக்கும் என்று விற்கப்படும் கைட்டோசான், அடர் அமிலத்தில் சிதைத்தால் மூட்டுவலி மாத்திரைகளில் வரும் குளுகோசமைன். கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறைகளை நெடுங்காலத்துக்கு முன்பே உருவாக்கிவிட்டது. வழி தெரியாத துறை இல்லை இது. இரண்டையும் எடுக்கலாம் என்றுதான் திட்டம்.

முதல் இரண்டு மாதம் பார்த்தவை

கையில் எதையும் எடுக்கும் முன் நான்கு ஞாயிறும் நான்கு வார நாளும் கட்டைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். இந்த முயற்சியில் நான் சொன்ன நல்ல யோசனை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

காலை ஆறரைக்கு உரித்த இறாலின் தலையும் ஓடும் ஒரு பழைய பெயின்ட் வாளியில் விழும். வாளி வெயில் படும் பக்கம் இருந்தது. பத்து மணிக்கு உள்ளே வெப்பமானியை விட்டால் 34 டிகிரி. மேலே இருந்தவை இன்னும் மினுமினுப்பாக இருந்தன. கையை உள்ளே விட்டுக் கிளறினால் கஞ்சி போலக் குழைந்து, மூக்கைச் சுருக்கும் அம்மோனியா நெடி. இறால் தலைக்குள் இருக்கும் மஞ்சள் பகுதி அதன் செரிமானச் சுரப்பி. அங்கே இருக்கும் நொதிகள் இறால் செத்த பிறகும் வேலையை நிறுத்துவதில்லை, தன்னையே தின்ன ஆரம்பித்துவிடும். கூடவே பாக்டீரியா. இறாலின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிவு விழுகிறது என்று கணக்குப் போட்டு மகிழ்ந்திருந்தோம். அந்தக் கழிவு மூலப்பொருளாக இருப்பது முதல் ஓரிரு மணி நேரம்தான். அதற்கப்புறம் அது நிஜமாகவே குப்பை.

செதில் அப்படி இல்லை. தரையில் தெறித்துக் காய்ந்து ஒட்டிக் கிடந்த செதில்கூட மறுநாள் நாறவில்லை. ஆனால் அதில் முந்தைய மீனின் ரத்தம், குடல், செருப்புக் கால் மண் எல்லாம் ஒட்டியிருந்தன.

"ஐஸ் போட்டு வைக்கலாமே பெரியம்மா" என்று தம்பி கேட்டபோது அந்த அம்மா கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "விக்கற மீனுக்கே ஐஸ் பத்தல கண்ணு. குப்பைக்கு யாரு ஐஸ் போடுவா?"

வரத்து பற்றியும் சில விஷயங்கள் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை கழிவு மற்ற நாள்களைப் போலப் பல மடங்கு. ஆனால் அன்றுதான் அந்த அம்மாவுக்கு மூச்சுவிடவும் நேரமில்லை. புரட்டாசியில் ஊரே கவிச்சியை விட்டுவிடும், மார்க்கெட் வெறிச்சோடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடல் மீன் விலை ஏறுவதால் அணை மீன் அதிகம் விற்கும், ஆக செதில் கூடும். வளர்ப்பு இறாலுக்குத் தடைக்காலம் ஒரு பொருட்டில்லை.

முதல் முடிவு: கைட்டோசானை விட்டது

தம்பிக்குக் கைட்டோசான் ஆசை இருந்தது. நான் தடுத்தேன். கைட்டினைக் கைட்டோசானாக மாற்ற 40 முதல் 50 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலை நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் வைக்க வேண்டும். காஸ்டிக் வாங்குவது கஷ்டமில்லை, மேட்டூரிலேயே தயாராகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில், வீட்டுக் கேஸ் அடுப்பில் அதைக் கொதிக்க வைப்பதுதான் பிரச்சினை. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கழுவும் நீர் தெருச் சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். அந்த ஆறு ஏற்கெனவே சுமப்பது போதும்.

அதனால் இறால் ஓட்டை அமிலமோ காரமோ இல்லாமல் புளிக்கவைத்துப் பிரிப்பது என்று முடிவு செய்தோம். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்தால் அது அமிலம் சுரக்கும். அமிலம் ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். தலையில் இருக்கும் நொதிகளே புரதத்தை அவிழ்த்துவிடும். மேலே சத்து நிறைந்த செந்நிறத் திரவமும் அடியில் கைட்டின் நிறைந்த ஓடும் மிஞ்சும்.

முதல் பீப்பாய் அழுகிப்போனது. செலவைக் குறைக்க ஜவ்வரிசி ஆலையிலிருந்து வாங்கி வந்த மரவள்ளித் திப்பியைச் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டிருந்தார் தம்பி. சேலத்துக்காரருக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் திப்பியில் இருப்பது மாவுச்சத்தும் நாரும். இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மாவுச்சத்தை நேரடியாகத் தின்னத் தெரியாது. இரண்டாம் பீப்பாயில் வெல்லம் போட்டார், எடையில் ஐந்து சதவீதம். புளித்த இட்லி மாவைத் தண்ணீரில் கரைத்து உறையாக ஊற்றினார். இரண்டு நாள் நல்ல புளிப்பு வாசம். மூன்றாம் நாள் திரும்பவும் நாற்றம். புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 6க்குக் கீழே இறங்கவே இல்லை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). பாக்டீரியா அமிலத்தைச் சுரக்கச் சுரக்க, ஓட்டின் சுண்ணாம்பு அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சலுக்குச் சுண்ணாம்பு மாத்திரை சாப்பிடுவதும் இதே கணக்குதான். இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வேதியியல் வாத்தியாருக்கு இது தோன்றாமல் போனதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது முறை வெல்லம் 15 சதவீதம், ஆரம்பத்திலேயே கொஞ்சம் வினிகர், ஐஸில் வந்த ஓடு. ஒரே நாளில் பி.எச். 5க்குக் கீழே வந்து நின்றது. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது ஊறுகாய் ஜாடி வாசம். மேலே தாமிர நிறத்தில் எண்ணெய் மாதிரி ஒரு படலம். இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அந்தச் சிவப்புதான் அஸ்டாசாந்தின். பச்சையாக இருக்கும்போது புரதத்தோடு பிணைந்து சாம்பல் நீலமாக மறைந்திருக்கும், புரதம் சிதைந்தால் வெளியே வரும்.

செதிலும் ஏற்காட்டுக் குளிரும்

செதில் வேலை இதைவிடச் சுலபமாக நடந்தது. அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மீனைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து உரசினால் செதில் தெறிக்காமல் அடியில் தங்குகிறது. குடலைக் கிழிக்கும் முன்பே செதிலை எடுத்துவிடுவதால் ரத்தமும் படுவதில்லை. ஒரு மீனுக்குக் கூடுதலாக ஒரு நிமிஷம் ஆகிறது. வார நாளில் அதுவும் பெரிய கட்லாவுக்கு மட்டும்தான் முடியும் என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷத்துக்குக் கூலி தர வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சொந்தப் பெரியம்மாதானே என்று தம்பி முதலில் தயங்கினார், அப்புறம் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள்.

உப்பு நீரில் அலசிய செதிலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். இறால் ஓட்டை அமிலத்தில் போட்டால் சோடா பாட்டில் மாதிரி நுரைக்கும், சுண்ணாம்பிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதால். செதில் பெரிதாக நுரைக்கவில்லை, அதில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பேட். வேலை நடக்கிறதா என்றே முதலில் சந்தேகம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு செதிலைக் கையுறை விரல்களால் எடுத்தேன். காலையில் நகம் மாதிரி விறைப்பாக இருந்தது இப்போது நனைந்த வெங்காயச் சருகு போல மடங்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் வளர்ச்சி வளையங்கள் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தன. தாது போய்விட்டது.

கழுவும் நீரில் சுண்ணாம்பு கலந்து அமிலத்தைச் சமன் செய்தோம். கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாக அடியில் படிந்தது. அது உரமாகும். இருந்தாலும் ஒரு கிலோ காய்ந்த செதிலுக்கு நாற்பது லிட்டர் தண்ணீர் செலவானதை மறைக்க முடியாது. கோடையில் சேலத்தில் அது லேசான விஷயமில்லை.

மென்மையான செதிலை 65 டிகிரி வெந்நீரில் ஐந்து மணி நேரம் வைத்து வடிகட்டினோம். வந்தது லேசாக மங்கலான தண்ணீர். அது பங்குனி மாதம். கொட்டகைக்குள் 37 டிகிரி. ஆறவைத்தும் தண்ணீராகவே இருந்தது. ஜெலட்டின் இறங்கவே இல்லை என்று தம்பி முகம் வாடிப்போனார். மாதிரிக்கு ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு அன்று மாலை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடியற்காலை பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே இருந்தது நகரவில்லை. தட்டினால் ஆடியது.

மீன் ஜெலட்டின் மாட்டு ஜெலட்டினைவிடக் குறைந்த வெப்பத்தில்தான் உறையும். சேலத்துப் பங்குனியில் அது உறைய வாய்ப்பே இல்லை, மலையில் இரவுக் குளிருக்கு உறைந்துவிட்டது. போனில் சொன்னேன். பக்கத்திலிருந்த அந்த அம்மா வாங்கிப் பேசினார்: "ஆட்டுக்கால் பாயா ஆறினா ஆடுமே, அந்த மாதிரியா சார்?" அந்த மாதிரியேதான். மார்கழியில் முந்தின நாள் மீன் குழம்பு உறைந்து கிடப்பதும் இதே பொருளால்தான்.

ஒரு கிலோ காய்ந்த செதிலிலிருந்து நூறு கிராமுக்குச் சற்று மேல் பவுடர் கிடைத்தது. காயவைக்க மட்டும் சேலம்தான் லாயக்கு. ஏற்காட்டு ஈரக்காற்றில் அது கட்டி தட்டிப் பிசுபிசுத்தது.

டப்பாவில் என்ன எழுதுவது

சித்திரையில் தம்பி ஒரு லேபிள் வரைந்து வந்தார். மூட்டுவலி நீங்கும், தோல் சுருக்கம் மறையும், எடை குறையும். இறால் ஓட்டுப் பவுடரையும் தனி டப்பாவாகப் போடும் யோசனை. இதில் நாங்கள் நிறைய வாதிட்டோம்.

நான் காட்டியது இவை. குளுகோசமைனை அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலான பலன் தெரியவில்லை. எடை குறைப்புக்குக் கைட்டோசான் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2008இல் வந்த காக்ரேன் ஆய்வு, பலன் மிகச் சிறியது, நடைமுறையில் பொருட்படுத்த முடியாதது என்றது. கொலாஜன் பெப்டைடு பற்றிச் சில சிறு ஆய்வுகள் தோலுக்கும் மூட்டுக்கும் ஓரளவு நன்மை காட்டுகின்றன, அவற்றில் பல விற்பவர்கள் பணத்தில் நடந்தவை. வாயால் சாப்பிட்ட கொலாஜன் அப்படியே முட்டிக்குப் போய் உட்காராது. வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துதான் உள்ளே போகும். டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லாததால் முழுமையான புரதமும் இல்லை. ஒமேகா 3 வேண்டுமென்றால் மத்தி வாங்கிக் குழம்பு வைப்பதே மேல் என்பது என் சொந்தக் கட்சி.

சட்டமும் இருக்கிறது. உடல்நலச் சேர்க்கைப் பொருள்களுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. முறுக்கு, ஊறுகாய் விற்க எடுக்கும் பதிவு இதற்குப் போதாது. நோயைக் குணமாக்கும் என்று எழுதவும் கூடாது.

சரி, லேபிள் வேண்டாம், விற்க வேண்டாம், தெரிந்தவர்களுக்கு மட்டும் மாதிரி கொடுத்து ருசி கேட்கலாம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு நானும் தலையாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை

மாதிரி வாங்கியவர்களில் ஒருவர் அதே தெருவில் இருக்கும், ஐம்பது வயதைக் கடந்த பெண். முட்டி வலி. மீன் பிரியமாகச் சாப்பிடுவார், இறால் ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை இறால் சாப்பிட்டு முகம் வீங்கியதிலிருந்து தொடுவதில்லை. இது மீன் செதில்தானே என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். ஆமாம் என்றுதான் தம்பியும் சொன்னார்.

காலையில் ஒரு ஸ்பூன் பவுடரை மோரில் கலந்து குடித்திருக்கிறார். கால் மணி நேரத்தில் உள்ளங்கையில் அரிப்பு, பிறகு கழுத்தில் தடிப்பு, உதடு வீக்கம். தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் மகன் ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினார். ஊசி போட்டு, மாலை வரை படுக்கவைத்துக் கவனித்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கொட்டகையில் ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தோம். செதிலுக்கும் இறாலுக்கும் தனித்தனி வாளி, தனித்தனி வடிகட்டி. அதில் தம்பி கவனமாகவே இருந்திருந்தார். கடைசியில் மிக்சி ஜாரைக் கழற்றினோம். பிளேடின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தபோது, அதன் பள்ளத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பசை. காய்ந்த இறால் ஓட்டை அரைத்ததும் அதே ஜாரில்தான். கழுவியிருந்தார், ஆனால் வாஷரைக் கழற்றவில்லை. நம் வீட்டில் எத்தனை பேர் கழற்றுகிறோம்?

இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம். வேகவைத்தாலும் அது போகாது, ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவே போதும். வாஷரில் இருந்ததுதான் காரணம் என்று ஆய்வகத்தில் நிரூபிக்கவில்லை. மீனின் புரதங்களுக்கும் ஒவ்வாமை வரலாம். ஆனால் அந்தப் பெண் அதற்கு முந்தின வாரம்கூடக் கட்லா சாப்பிட்டவர். எங்களுக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை.

கொடுத்த மாதிரிகளை எல்லாம் அன்றே திரும்ப வாங்கினோம். மருத்துவச் செலவைத் தம்பி கொடுத்தார். அந்த வீட்டுக்கு நேரில் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் மகன் கோபப்பட்டார், நியாயமான கோபம். மீன் வெட்டும் அந்த அம்மா மட்டும் எங்களைப் பார்த்து, "நான் கட்டையில எறா வெட்டுன கத்தியில மீன் வெட்டக் கூடாதுன்னு சிலபேரு சொல்வாங்க, அவங்களுக்கு வேற கத்தி எடுப்பேன். நீங்க படிச்சவங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் முடிவு

மீதி இருந்த பவுடரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கன உலோகங்கள் அனுமதித்த அளவுக்குள் இருந்தன. பாக்டீரியா எண்ணிக்கை அளவுக்கு மேல். ஜெலட்டின் கரைசலை ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் தட்டில் காயவைத்திருந்தோம். ஆய்வகங்களில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டின் ஊடகத்தைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். நாங்கள் சேலத்து வெப்பத்தில் அதையே செய்திருக்கிறோம்.

மனிதர் வாயில் போகும் எதையும் இந்தக் கொட்டகையில் செய்வதில்லை என்று தம்பி முடிவெடுத்தார். தனி அறை, தனிப் பாத்திரம், விரைவாக உலர்த்தும் கருவி, உரிமம், தொகுதிக்குத் தொகுதி பரிசோதனை இவையெல்லாம் இருந்தால்தான் அது முடியும். அவ்வளவு பணம் இல்லை. கடன் வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வருஷத்தில் புரட்டாசி ஒரு மாதம் மூலப்பொருளே வராத தொழிலுக்கு மாதத் தவணைக் கடன் சரிப்படாது என்று நான் சொன்னேன்.

அதனால் இரண்டாகப் பிரித்தார்கள். செதிலைச் சுத்தமாக எடுத்து, அலசி, காயவைத்து, கொலாஜன் தயாரிக்கும் உரிமம் உள்ள ஆலைக்கு விற்பது. கொல்கத்தா பக்கம் இப்படிச் செதில் சேகரித்துக் காயவைத்து அனுப்புவது ஏற்கெனவே ஒரு தொழில். இறால் ஓட்டைப் புளிக்கவைத்துக் கோழிக்கும் மண்ணுக்கும் கொடுப்பது. இரண்டும் வெவ்வேறு கொட்டகையில்.

பின் நடந்தது

ஆலைக்காரர் முதல் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். உள்ளே ஈரம் இருந்தது, சில துடுப்புத் துண்டுகளும் கலந்திருந்தன. இரண்டாவது மூட்டையை எடுத்துக்கொண்டார். கிலோவுக்கு அவர் தரும் விலை, தம்பி முதலில் டப்பாவில் பார்த்த விலையோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அமிலம் இல்லை, நாற்பது லிட்டர் கழுவும் நீர் இல்லை, யாருடைய தொண்டையும் வீங்கப் போவதில்லை. மொட்டைமாடியில் கொசுவலைக்குக் கீழே, சேலத்து வெயிலே உலர்த்திக் கொடுக்கிறது. இப்போது மூன்று கட்டைக்காரர்கள் தொட்டியில் உரசிய செதிலைத் தருகிறார்கள்.

புளித்த திரவத்தைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து, தெரிந்தவர் ஒருவர் நாட்டுக்கோழிகளுக்குக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. அஸ்டாசாந்தின் கருவில் சேர்வது தெரிந்த விஷயம்தான். முட்டைகளை வாங்குபவர்களிடம் இறால் ஒவ்வாமை பற்றிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டோம். அடியில் தங்கும் ஓட்டை ஏற்காட்டில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மிளகுக் கொடிகளின் அடியில் புதைத்திருக்கிறோம். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிரிகள் மண்ணில் பெருகினால் அவை பூஞ்சைகளின் சுவரையும் நூற்புழு முட்டைகளின் ஓட்டையும் தாக்கும், அதுவும் கைட்டின் என்பதால். கொடிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் புதைக்காத பக்கத்துக் கொடிகளும் இந்த வருஷம் நல்ல மழைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, ஆகவே இதில் எதையும் உரிமை கொண்டாட மாட்டேன்.

ஐஸ் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்காரர்கள் கொட்டும் மிச்ச ஐஸை அந்த அம்மா இறால் தலைப் பெட்டிக்குக் கேட்டு வாங்கிவிடுகிறார். காலை ஆறு முதல் பத்து மணி வரை இன்னும் ஐஸ் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஞாயிறு காலைத் தலைகளில் பாதியை எடுப்பதே இல்லை, குப்பை வண்டிக்கே போகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

திரும்பத் தொடங்குவதானால் இறாலையும் செதிலையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரவே மாட்டேன். கழிவு என்று பெயர் வைத்துவிட்டதால் அதைக் கழிவாகவே கையாண்டோம். மிக்சி ஜார் விஷயத்தில் எங்களைத் தவறவிட்டதும் அந்த நினைப்புதான். சாப்பிடுவதற்கென்று நினைத்திருந்தால் கட்டையிலேயே அது உணவாக நடத்தப்பட்டிருக்கும்.

மாதிரி கொடுக்கும் முன் ஒவ்வாமை கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். "தெரிந்தவர்கள்தானே" என்பது விற்பனையைவிட ஆபத்தானது, ஏனென்றால் அங்கே யாரும் லேபிள் கேட்பதில்லை. ஆய்வக அறிக்கை மாதிரிக்கு முன்னால் வர வேண்டும். எங்களுக்குப் பின்னால் வந்தது.

தம்பி தன் பட்டியலில் சேர்த்தது ஒன்று: ஆலைக்காரரை முதல் வாரமே போய்ப் பார்த்திருந்தால் அமிலமே வாங்கியிருக்க மாட்டேன் என்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அந்த ஜன்னல் திட்டு பாட்டிலைப் பார்க்காமல் இருந்திருந்தால், செதிலில் எந்தப் பகுதி கெடக் கூடாது, ஏன் வெயில் அதிகமானால் நிழலுக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பிடிபட்டிருக்காது.

இதை எழுதும்போது புரட்டாசி இரண்டாம் வாரம். செதில் வரத்து நின்றுவிட்டது. தொட்டிகளைக் கவிழ்த்துவைத்து, கொசுவலைகளைத் துவைத்து மடித்திருக்கிறார்கள். அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஐப்பசி பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது தொட்டிக்குப் புதிதாக ஒரு வலை வாங்கி வைக்கச் சொன்னார். பழையதில் சின்ன ஜிலேபிச் செதில் நழுவிப் போகிறதாம்.